முதிர்ந்த பிரெஞ்சு சிவப்பு ஒயினைச் சுவைப்பது எப்படி?

ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரான்ஸில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த நாட்டில் ஓராண்டில் உண்டாகும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்க வேண்டியது. பொஜொலே நூவோ என்ற ஒயின், திராட்சை பறித்து இரண்டு மாதம் ஆகும்போதே, நவம்பர் மாத மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வந்துவிடும். அதை எடுத்து வைத்துப் பத்தாண்டு கழித்துத் திறந்தால் வாசம் போய் வெறும் புளிப்புதான் மிஞ்சியிருக்கும். இருபது முப்பது ஆண்டு கெடாமல் கிடந்து, வேறொன்றாக மாறி வெளிவரும் ஒயின்கள் கொஞ்சமே. அப்படி ஒரு பாட்டில் உங்கள் கைக்கு வந்தால், அதை வீணாக்காமல் சுவைக்கத் தேவையானதை இங்கே சொல்லப் போகிறேன்.

முதல்முறை குடிப்பவர்கள் ஏமாறும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதிர்ந்த ஒயினில் பழச்சுவையைத் தேடக் கூடாது. இளம் ஒயினில் நமக்குப் பிடிக்கிற அடர்நிறம், பழவாசம், வாயை நிறைக்கும் கனம் எல்லாவற்றிலும் பெரும்பங்கைக் காலம் எடுத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஈடாக என்ன கொடுத்திருக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு. இது மனத்தில் இல்லாமல் குடித்தால், போர்தோ என்ற பகுதியின் மிக நல்ல 1990ஆம் ஆண்டு ஒயினும் 'சப்பென்று இருக்கிறதே' என்றுதான் தோன்றும்.

எந்த ஒயின் தாங்கும்?

கருந்திராட்சையைப் பிழிந்தாலும் சாறு பெரும்பாலும் நிறமில்லாமல்தான் வரும். தோலோடும் கொட்டையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால்தான் சிவப்பு இறங்குகிறது. அதோடு டானினும் இறங்கும். நாவற்பழம் தின்றபின் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைத் தருவது டானின்தான். பிறகு ஓக் மரப் பீப்பாயில் கிடக்கும்போது மரத்திலிருந்தும் கொஞ்சம் சேரும். போர்தோவில் பீப்பாயின் அளவு 225 லிட்டர். அங்கே நல்ல ஒயின்கள் ஒன்றரை ஆண்டு வாக்கில் அதில் இருந்துவிட்டுத்தான் பாட்டிலுக்குப் போகும்.

நெடுங்காலம் தாங்க டானின் வேண்டும், புளிப்பு வேண்டும், இரண்டுக்கும் ஈடு கொடுக்கிற பழச்செறிவும் வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'இப்போது துவர்ப்பாக இருக்கிறது, வைத்தால் சரியாகிவிடும்' என்று நம்பி வாங்கும் மெல்லிய ஒயின்களில், இருபது ஆண்டில் பழம்தான் முதலில் போகும். துவர்ப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். இளமையில் எதுவுமே துருத்திக்கொண்டு நிற்காத ஒயின்தான் முதுமையிலும் அழகாக இருக்கிறது என்பது என் கணிப்பு.

பிரான்ஸில் இதற்குப் பேர்போன பகுதி போர்தோ. ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் நீண்டு கிடக்கும் மெதோக் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். கூழாங்கல் மேடுகளில் திராட்சைத் தோட்டங்கள் பெருகுவதற்கு அது வழிவிட்டது. கல் தண்ணீரைத் தேக்காது, பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞ்ஞோன் என்ற திராட்சைக்கு இந்த மண் நன்றாகப் பொருந்தியது. அதன் பழம் சிறியது, தோல் தடித்தது, சதையை ஒப்பிட்டால் கொட்டை பெரிது. அதனால் டானின் நிறைய. போயாக், சான்-ஜூலியான், சான்-எஸ்தெஃப், மார்கோ ஆகிய ஊர்ப்பெயர்களை லேபிளில் பார்த்தால் அது இந்தப் பக்கத்து ஒயின். வலக்கரையில் சான்-எமிலியோன், பொமெரோல். அங்கே களிமண்ணும் சுண்ணாம்பும் கூடுதல், மெர்லோ திராட்சைதான் முதன்மை. அந்த ஒயின் கொஞ்சம் மென்மையானது, பொதுவாக முன்னதாகவே குடிக்கப் பதமாகும்.

1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகக் கண்காட்சிக்காக, ஒயின் தரகர்கள் அன்றைய விலை நிலவரத்தை வைத்து மெதோக் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் லாஃபித், லாத்தூர், மார்கோ ஆகியவற்றோடு, மெதோக்குக்கு வெளியே கிராவ் பகுதியைச் சேர்ந்த ஓ-பிரியோனும் இடம்பெற்றது. இன்றுவரை அந்தப் பட்டியலில் குறிப்பிடத்தக்க ஒரே மாற்றம், 1973இல் மூத்தோன்-ரோத்ஷில்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதுதான். தொடங்குபவருக்கு இந்த முதல் தரப் பெயர்கள் தேவையே இல்லை. விலையில் பாதி, பெயருக்குக் கொடுப்பது.

பர்கண்டி என்ற பகுதி முற்றிலும் வேறு. அங்கே சிவப்பு என்றால் அநேகமாகப் பினோ நுவார் திராட்சை ஒன்றுதான். தோல் மெல்லியது, நிறம் குறைவு, டானின் குறைவு. அது காலத்தைத் தாங்குவதற்குப் பெருந்துணை அதன் புளிப்பு. ஒரே கிராமத்துக்குள், ஒரு பாதையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒயின் மாறுகிறது என்று நம்பிப் பல நூற்றாண்டுகளாகத் துண்டு துண்டாக நிலத்தைப் பிரித்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முதிர்ந்த பர்கண்டியின் வாசத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் பாட்டிலாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். விலை அதிகம், ஒன்றுக்கொன்று வேறுபாடும் அதிகம்.

ரோன் நதிக்கரையில், தேன் என்ற சிற்றூருக்கு மேலே நிற்கும் குன்றுதான் எர்மிதாஜ். சிரா திராட்சையில் செய்யும் அந்த ஒயின் முப்பது ஆண்டு சாதாரணமாகத் தாங்கும். 19ஆம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் தங்கள் மெலிந்த ஒயினுக்குத் தெம்பூட்ட எர்மிதாஜைக் கலந்து விற்றார்கள். அதை மறைக்கவும் இல்லை, அதற்கென்று தனிப்பெயரே இருந்தது. பக்கத்தில் உள்ள கோர்னாஸ், கோத்-ரோத்தி, தெற்கே ஷாத்தோநெஃப்-து-பாப், கடலோரத்தில் பந்தோல், தென்மேற்கில் மதிரான், கஹோர், லுவார் நதிப் பக்கம் ஷினோன் ஆகியவற்றிலும் நல்ல கைகளில் செய்தவை பத்துப் பதினைந்து ஆண்டு தாராளமாக நிற்கும். போர்தோவை விடக் குறைந்த விலையில் முதிர்ச்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, மதிரானும் ஷினோனும் நல்ல வழி.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

ஒயினுக்கு ஆக்சிஜன் மெதுவாகக் கிடைத்தால் என்ன ஆகும், வேகமாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்று முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் லூயி பாஸ்ச்சர் ஒருவர். ஒயின் பற்றிய ஆய்வை அவர் 1866இல் வெளியிட்டார். காற்று முழுதாகப் பட்டால் ஒயின் கெடும். கார்க் வழியாகவும், பாட்டிலில் அடைக்கும்போது உள்ளே தங்கியதிலிருந்தும் துளித்துளியாகக் கிடைத்தால் முதிரும்.

அந்த மெதுவான மாற்றத்தில் நிறமிகளும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகின்றன. பழைய பாட்டிலின் அடியில் கருஞ்சிவப்பாகக் கிடக்கும் மண்டி அதுதான். அதைப் பார்த்து ஒயின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இருபது ஆண்டு ஆன மெதோக்கில் மண்டியே இல்லையென்றால்தான் நான் யோசிப்பேன். மீந்த டானின் பிடியை விட்டு வழவழப்பாகிறது. நிறம் ஊதாவிலிருந்து மாணிக்கச் சிவப்பு, பிறகு செங்கல் நிறம், கடைசியில் பழுப்பு என்று இறங்குகிறது.

வாசத்தில் நடப்பதுதான் பெரிய மாற்றம். இளம் போர்தோவில் பிளாக்கரன்ட் என்ற கறுப்புச் சிறுபழம், புதிய மரம், கொஞ்சம் வனிலா. இருபது ஆண்டில் அவை பின்வாங்கி, சிடார் மரப்பெட்டி, உலர்ந்த புகையிலை, தோல்பை, காளான், மழை நனைத்த காட்டுச் சருகு என்று வேறு வரிசை எழும். சருகும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசத்தை பிரெஞ்சுக்காரர்கள் 'சூ-புவா' என்பார்கள். முதிர்ந்த பர்கண்டியில் உலர்ந்த ரோஜாவும் இருக்கும். முதிர்ந்த எர்மிதாஜில் புகையும் மிளகும் வாட்டிய இறைச்சியும். இவற்றில் எதையும் யாரும் ஒயினில் சேர்க்கவில்லை. அமிலமும் ஆல்கஹாலும் மற்றவையும் பல ஆண்டுகளாக வினைபுரிந்து உண்டாக்கியவை.

இந்தப் பயணம் நேர்க்கோட்டில் போவதில்லை. நல்ல ஒயின்கள் பலவும் ஐந்தாம் ஆறாம் ஆண்டு வாக்கில் வாயை மூடிக்கொள்ளும். பழவாசம் அடங்கியிருக்கும், முதிர்ந்த வாசம் இன்னும் வந்திருக்காது, துவர்ப்பு மட்டும் தெரியும். அந்த நேரத்தில் திறந்தவர்கள் ஒயினைக் குறை சொல்வார்கள். இன்னும் சில ஆண்டு விட்டால் தானாகத் திறந்துகொள்ளும். ஒன்றரை லிட்டர் பாட்டிலான மேக்னத்தில் இதெல்லாம் இன்னும் மெதுவாக நடக்கும், உள்ளே இருக்கும் ஒயினுக்குக் காற்றின் பங்கு குறைவு என்பதால்.

தோராயமாகச் சொன்னால், சாதாரண போர்தோவுக்கு ஐந்து ஆண்டு போதும். நல்ல மெதோக் தோட்டத்து ஒயினுக்குப் பத்து முதல் பதினைந்து. 1855 பட்டியலில் உள்ளவற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது. பர்கண்டியில் கிராமப் பெயர் மட்டும் போட்டவை பத்து ஆண்டுக்குள், உயர்ந்த நிலப்பெயர் போட்டவை பதினைந்து இருபதில்.

இதெல்லாம் ஒயின் ஒழுங்கான இடத்தில் கிடந்திருந்தால். 12, 13 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஈரப்பதம், ஆட்டம் அசைவில்லாத இடம். கார்க் காயாமல் இருக்கப் பாட்டில் படுத்த நிலையில். பிரான்ஸின் பழைய கல் நிலவறைகளில் இது இயல்பாக அமைகிறது. சென்னையிலோ கொழும்பிலோ மர அலமாரியில் வைத்தால் ஒயின் முதிராது, வெந்துபோகும். இரண்டு கோடை தாண்டினால் எந்த ஒயினும் தேறுவது கடினம். ஒயினுக்கென்று விற்கும் குளிர்பெட்டி இல்லாதவர்கள் இளம் ஒயினை வாங்கிச் சேமிப்பதை விட்டுவிட்டு, முன்பே முதிர்ந்ததை வாங்கிச் சீக்கிரம் குடிப்பதே மேல்.

திறப்பது

இருபது ஆண்டு பாட்டிலை அன்றைக்கே எடுத்து அன்றைக்கே திறக்கக் கூடாது. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மண்டி இறங்கி அடியில் தங்கும். வெளியூரிலிருந்து பயணம் செய்து வந்த பாட்டில் என்றால் ஒரு வாரம் விடுங்கள்.

நிமிர்த்தி வைத்ததும் கழுத்தைப் பாருங்கள். ஒயின் கார்க்குக்குச் சற்றுக் கீழே, கழுத்துக்குள் நின்றால் நன்று. தோளின் மேற்பகுதிவரை இறங்கியிருந்தால் முப்பது நாற்பது ஆண்டு பாட்டிலுக்கு அது இயல்பு. நடுத்தோளுக்கும் கீழே போயிருந்தால் கார்க் காற்றை விட்டிருக்கிறது, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

வெப்பநிலை அடுத்தது. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்ற வழக்கு, கணப்பு மட்டுமே இருந்த பழைய ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அந்த அறை 17 டிகிரி. நம் வீட்டு அறை 30. முதிர்ந்த போர்தோ 16 முதல் 18 டிகிரியிலும், பர்கண்டி 14 முதல் 16 டிகிரியிலும் நன்றாக இருக்கும். சூடாக இருந்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறி மெல்லிய வாசங்களை மூடிவிடும். ஏசி அறையில் இருந்த பாட்டிலை, நிமிர்ந்த நிலையிலேயே, முக்கால் மணி நேரம் போலக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும்.

இனி கார்க். மேலே உள்ள உலோக உறையை முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள், ஊற்றும்போது கழுத்து தெரிய வேண்டும். கார்க்கின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருக்கலாம். ஈரமான நிலவறையில் கிடந்ததற்கு அடையாளம், துணியால் துடைத்தால் போதும். பழைய கார்க் மெத்தென்று ஊறிப்போயிருக்கும். திருகுக் கம்பியைச் சரியாக நடுவில் இறக்கி, கடைசிவரை திருகி, அவசரமில்லாமல் இழுக்க வேண்டும். முப்பது ஆண்டு தாண்டியதென்றால் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட 'ஆ-சோ' என்ற திறப்பான் நல்லது. தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் மாறி மாறி அசைத்து இறக்கி, சுழற்றிக்கொண்டே மேலே எடுப்பார்கள். கார்க் உடைந்து துண்டு உள்ளே விழுந்தாலும் குடிமுழுகிப் போகாது. சுத்தமான மெல்லிய துணியிலோ நுண்ணிய வடிகட்டியிலோ வடித்துக்கொள்ளலாம்.

மண்டியைப் பிரிக்கத்தான் டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவை. ஒரு மெழுகுவத்தியையோ போனின் டார்ச்சையோ மேசையில் வைத்து, அந்த வெளிச்சம் பாட்டிலின் கழுத்தை ஊடுருவும்படி பிடியுங்கள். பாட்டிலை மெல்லச் சாய்த்து, நூல் பிடித்தாற்போல ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி கிளம்பிவிடும். முக்கால் பாகம் தெளிவாகப் போகும். பிறகு தோளருகே புகைபோல ஒரு மெல்லிய இழை கழுத்தை நோக்கி நகர்வது தெரியும். அந்த இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். போர்தோ பாட்டிலின் எடுப்பான தோள் இந்த நேரத்தில் மண்டியைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தி உதவும். அடியில் மிஞ்சுவது அரை கிளாஸ் அளவுதான், அதற்காக மனம் வருந்த வேண்டாம்.

இளம் ஒயினை இரண்டு மூன்று மணி நேரம் டிகேன்டரில் விடுவார்கள், காற்றுப்பட்டு இளகட்டும் என்று. முதிர்ந்ததை அப்படி விடக் கூடாது. அதற்கு வேண்டிய காற்றெல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இருபது ஆண்டு போர்தோ என்றால் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஊற்றலாம். நாற்பது ஆண்டு என்றால் குடிக்க உட்காரும்போது ஊற்றினால் போதும். பழைய பர்கண்டியை டிகேன்டருக்கு மாற்றாமல் பாட்டிலிலிருந்தே நிதானமாக ஊற்றுபவர்கள் பலர். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, அதன் வாசம் அவ்வளவு மெல்லியது.

கிளாஸில்

வயிறு அகன்று வாய் குறுகிய பெரிய கிளாஸ் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் ஒயினில் நடு முதல் ஓரம்வரை ஒரே ஊதா. இதில் நடுவில் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றிச் செங்கல், விளிம்பில் ஆரஞ்சு கலந்து நிறமே இல்லாத ஒரு வளையம். அந்த வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வயது என்று பொதுவாகச் சொல்லலாம். முழுக்கப் பழுப்பாகிப் பொலிவு இல்லாமல் இருந்தால் காலம் கடந்துவிட்டது.

பிறகு மூக்கு. சுழற்றாமலே ஒருமுறை முகர்ந்து பாருங்கள். திறந்தவுடன் ஒரு மக்கல் வாசம் வரலாம், அடைபட்டுக் கிடந்ததால். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது போய்விடும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் முறை கிளாஸை மெதுவாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றி முகருங்கள். இளம் ஒயினைச் சுழற்றுவதுபோல வேகமாகச் சுழற்றினால் இதன் மெல்லிய வாசங்கள் சீக்கிரமே பறந்துவிடும். என்ன வாசம் என்று பெயர் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை. பழமா, மரமா, மண்ணா, தோலா என்று பெரிய வகையாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதிர்ந்த ஒயினில் மண்ணும் தோலும் முன்னால் நிற்கும், பழம் பின்னால் உலர்ந்த அத்திப்பழமாகவோ வற்றலாகவோ இருக்கும்.

ஒரு சிறு மடக்கு எடுத்து விழுங்காமல் வாய் முழுக்கப் படரவிடுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்தால் வாசம் தொண்டைப் பின்வழியாக மூக்குக்குப் போகும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. துவர்ப்பு எங்கே என்று தேடுங்கள். இளமையில் பற்களின் ஈறுவரை இழுத்துப் பிடித்தது, இப்போது நாக்கின் மேல் மெல்லிய தூசு படிந்தாற்போல மட்டும் இருக்கும். புளிப்பு இன்னும் உயிரோடு இருந்தால் வாயின் ஓரங்களில் எச்சில் ஊறும். இது முக்கியம். புளிப்பு செத்துவிட்ட ஒயின் தட்டையாகிவிடும், வாசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

விழுங்கிய பிறகு எண்ணத் தொடங்குங்கள். ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்பதை பிரெஞ்சுக்காரர்கள் 'கோதலி' என்ற அளவால் எண்ணுகிறார்கள். ஒரு கோதலி ஒரு விநாடி. சாதாரண ஒயினில் மூன்று நான்குக்குள் முடிந்துவிடும். நல்ல முதிர்ந்த ஒயினில் பத்துக்கு மேலும் போகும். தொடக்கத்தில் மெலிந்ததாகத் தோன்றிய ஒயின், விழுங்கியபின் வாயில் நீண்டுகொண்டே போவதுதான் இந்த அனுபவத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கனம் போய் நீளம் வந்திருக்கிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு பழைய ஒயினை 'சப்பென்று இருக்கிறது' என்று சொல்ல வராது.

ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் மண்ணும் சருகும். அரை மணியில் புகையிலையும் சிடாரும் தெளிவாகும், எங்கிருந்தோ கொஞ்சம் பழவாசமும் எட்டிப்பார்க்கும். மிகப் பழைய ஒயினாக இருந்தால் முக்கால் மணியிலேயே இறங்குமுகம் தொடங்கலாம். ஒரே வாசம் நிலையாக நிற்காததால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்து ஒரு சொல் எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு சொற்கள் சேரும், அதுவே நல்ல பாடம். அளவும் குறைவாகவே இருக்கட்டும். ஆறு பேருக்கு ஒரு பாட்டில் போதும்.

கெட்டதை எப்படிக் கண்டுகொள்வது?

நனைந்த அட்டைப்பெட்டி வாசம், நேரம் ஆக ஆக அதிகமானால், கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மம் ஒயினைப் பிடித்திருக்கிறது. உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் ஒயின் தேறாது. நகப்பூச்சு அல்லது வினிகர் வாசம் தூக்கலாக அடித்தால் புளித்துவிட்டது. வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசமும் பழுப்பு நிறமும் சேர்ந்தால் காற்று புகுந்து கெட்டது. குதிரை லாயத்து வாசம் மட்டும் வாதத்துக்குரியது. அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் செய்யும் வேலை. பழைய போர்தோ, ரோன் ஒயின்களில் லேசாக இருந்தால் அதையும் ஒரு சுவையாக ஏற்பவர்கள் உண்டு, அறவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. லேசாக இருந்தால் எனக்குச் சம்மதம்.

கூடவே என்ன சாப்பிடுவது?

மெதோக்கில் போயாக் ஆட்டுக்குட்டி இறைச்சியை வாட்டி முதிர்ந்த ஒயினோடு வைப்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பர்கண்டிக்குக் காளானும் கோழியும். பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் கோம்தே போன்ற கெட்டியான வகை. நீலப் பூஞ்சை வகைகள் ஒயினை அடித்துப் போட்டுவிடும். நம் காரக்குழம்பும் அப்படித்தான். மிளகாய் நாக்கை எரிக்கும்போது ஆல்கஹாலும் துவர்ப்பும் இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும், மெல்லிய வாசம் எதுவும் எடுபடாது. உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டு வாட்டிய ஆட்டிறைச்சியோ, வெண்ணெயில் வதக்கிய காளானோ போதும்.

வாங்குவது

லேபிளில் உள்ள ஆண்டு, திராட்சை பறித்த ஆண்டு. போர்தோவில் 1982, 1990, 2000, 2005, 2009, 2010, 2016 ஆகியவை புகழ்பெற்றவை, அந்தப் புகழுக்கேற்ற விலையும் உண்டு. 1991 ஏப்ரல் உறைபனியில் அடிபட்டது. 2003 ஆகஸ்ட் வெயிலில் வெந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். என் யோசனை, புகழ்பெற்ற ஆண்டுகளை விட்டுவிட்டு 2001, 2004, 2008 போன்ற ஆண்டுகளில் நல்ல தோட்டத்து ஒயினைத் தேடுங்கள். விலை குறைவு. முன்னதாகவே பதமாகி, இப்போது குடிக்கத் தயாராக இருக்கும். பெரிய ஆண்டின் பெரிய ஒயின் இன்னும் பூட்டிக்கொண்டு கிடக்கலாம்.

பாட்டில் இதுவரை எங்கே இருந்தது என்று கேளுங்கள். தோட்டத்து நிலவறையிலிருந்து நேராக வந்ததென்றால் கூடுதலாகக் கொடுக்கலாம். பல கை மாறியதென்றால் ஜாக்கிரதை. ஒரே பெட்டியில் இருந்த இரண்டு பாட்டில்களே இருபது ஆண்டில் வேறு வேறாகிவிடும். போலிகளும் உண்டு. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு 1945ஆம் ஆண்டு முதலான குளோ சான்-தெனி பாட்டில்கள் பொன்சோ என்ற பர்கண்டித் தோட்டத்தின் பெயரில் வந்தன. அந்தத் தோட்டம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். உரிமையாளர் லோரான் பொன்சோ நேரில் போய் ஏலத்தை நிறுத்த வைத்தார். அவற்றை விற்பனைக்குக் கொடுத்த ரூடி குர்னியவானுக்குப் பின்னாளில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. இந்த ஆபத்து பெரும் பெயர்களுக்குத்தான். நீங்கள் தேடும் விலையில் யாரும் போலி செய்ய மெனக்கெட மாட்டார்கள்.

தொடங்குவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, நண்பர்கள் சிலர் காசு சேர்த்து ஒரே தோட்டத்தின் இரண்டு பாட்டில் வாங்குவது. ஒன்று நான்கைந்து ஆண்டு ஆனது, இன்னொன்று பதினைந்து இருபது ஆண்டு ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, இளையதை முதலில் முகர்ந்து, பிறகு மூத்ததற்குப் போங்கள். மண்ணும் மரமும் செய்தவர்களும் ஒன்றே என்பதால், வேறுபட்டுத் தெரிவதில் பெரும்பகுதி காலத்தின் வேலை, மீதி அந்தந்த ஆண்டின் வெயிலும் மழையும். தனியாக ஒரு பழைய பாட்டிலைத் திறந்தால் இதைப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

இளையது மீந்தால் மூடி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் குடிக்கலாம், சில நேரம் இன்னும் இளகி நன்றாகவும் இருக்கும். மூத்ததை மீதம் வைக்காதீர்கள், மறுநாள் காலைக்குள் வாசம் போய்விடும். பாட்டிலின் அடியில் விட்ட மண்டிக் கலவையை வடிகட்டி, இறைச்சி வாட்டிய சட்டியிலேயே ஊற்றிச் சுண்ட வைத்தால் அதற்கு ஒரு குழம்பாகிவிடும்.